இரண்டு முயலுக்கு ஓர் ஊசி

அவர் ஒரே கடையில் இரண்டு பாட்டில் பால் வாங்கமாட்டார். ஒன்றை எங்கள் தெருமுனைக் கடையில் வாங்குவார், மற்றொன்றை ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்குவார். இரண்டும் ஒரே கம்பெனிப் பால்தான், ஒரே லாரியில் வந்து இறங்குவதுதான். ஒருமுறை இதை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லொறி ஒண்டுதான் தங்கச்சி. கடைப் பிரிட்ஜ் ரெண்டெல்லோ?" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

லண்டனில் செவன் கிங்ஸ் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர். நானும் என் கணவரும் மதுரையிலிருந்து வேலைக்கு வந்து, அந்தத் தெருவில் வீடு வாங்கி உட்கார்ந்தவர்கள். அவருடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எங்காவது அவர் கண்ணில் பட்டால், "ஏன் சொன்னனீங்கள்? ஆர் கேட்டவை?" என்று விசாரணை தொடங்கிவிடும். சில வருடங்களுக்கு முன் வீட்டை விற்றுவிட்டுப் போனபோது என்னிடம் இரண்டு விலாசம் கொடுத்தார். எது சரியான விலாசம் என்று கேட்டேன். "ரெண்டுக்கும் போடுங்கோ, ஒண்டு வந்து சேரும்" என்றார்.

வேலையும் அப்படித்தான். வாரத்தில் பாதி நாள் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட், மீதி நாள் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில். முழுநேர வேலையே தருகிறேன் என்று பெட்ரோல் நிலைய முதலாளி கேட்டபோதும் தலையாட்டவில்லை. "ஒரு இடத்தை நம்பி இருந்து, அவன் நாளைக்குக் கதவைச் சாத்தினா?" என்றார். மின்சார மீட்டர் மாற்ற வந்த பையனிடம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தேநீர் கொடுத்துவிட்டு, அதே கேள்வியை வேறு மாதிரி மாற்றி மறுபடியும் கேட்டார். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் அவருக்குத் திருப்தி. பொருந்தாவிட்டால் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: "எங்கையோ ஒரு பிழை கிடக்கு." சில சமயம் பொருந்தினாலும் அதையே சொல்வார்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் வடை எடுத்தால் அக்கா சுண்டல்தான் எடுப்பார். அக்கா என்று நான் சொல்வது அவர் மனைவியை. அக்கா பாயசம் குடித்தால் அவர் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வார். இருவரும் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. விருந்து வைத்தால் இலை காலியாக வேண்டும் என்று வளர்ந்தவள் நான். முதலில் ஏதோ விரதம் என்று நினைத்தேன். பிறகு என் சமையல் மேல் சந்தேகமோ என்று பட்டது. அந்த எண்ணம் வந்தபின் நான் அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். ஆமாம், வேவுதான். அவருக்குத்தான் ஊரெல்லாம் சந்தேகப்பட உரிமையா?

பார்க்கப் பார்க்கக் கதை நீண்டது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஆர்ச்வே முருகன் கோவிலுக்குப் போவோம். அவர்களும் வருவார்கள். கிளம்புகிற நேரத்தில் அவர் எங்கள் வாசலுக்கு வருவார். "தங்கச்சி, நீங்களும் கோயிலுக்குத்தானே? இவவையும் ஏத்திக்கொண்டு போங்கோ." அவரிடம் நல்ல கார் இருந்தது. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் அக்கா எங்கள் காரில், அவரும் பன்னிரண்டு வயது மகளும் அவர்கள் காரில். அதிலும், "நீங்கள் நோர்த் சேர்க்குலரால போங்கோ, நான் உள்ளால வாறன்" என்று பாதையையும் பிரித்துவிடுவார். கோவில் வாசலில் மூவரும் சேர்ந்ததும் அவர் முகம் தெளியும். திரும்பும்போது அக்கா ஓட்ட, அக்காவும் மகளும் அவர்கள் காரில், அவர் தனியே ரயிலில். கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு, எதற்கும் அந்த மூன்று பேரும் ஒரே வண்டியில் ஏறியதில்லை.

நான் பல விதமாக யோசித்தேன். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லையோ? வேறு எங்காவது ஒரு குடும்பம் இருக்கிறதோ? இன்சூரன்ஸ் விவகாரம் ஏதாவதோ? இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் என் கணவரிடம் அடுக்கினால், "உனக்கு ஆபீஸில் வேலை குறைவா?" என்று மட்டும் கேட்பார். ஆனால் அவரும் ஜன்னல் வழியே பார்ப்பார், அது எனக்குத் தெரியும்.

கொரோனா ஊசி வந்த காலத்தில் என் சந்தேகம் உச்சிக்கு ஏறியது. இருவருக்கும் ஒரே நாளில் ஊசி போட அழைப்பு வந்தது. அவர் தான் மட்டும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அக்காவின் முறையைத் தள்ளிவைத்தார். தெருவில் பேசிக்கொண்டார்கள், முதலில் தன் உயிரைப் பார்த்துக்கொண்டான் மனுஷன், பெண்டாட்டி எப்படிப் போனால் என்ன என்று. நானும் பேசினேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டார். அக்காவிடம் நாசூக்காகக் கேட்டேன். "இவர் அப்பிடித்தான்" என்றார் அக்கா. அக்கா எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அது.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் முயல் எப்படி வந்தது என்றால், மகளால்தான். அவள் ஒரு வருடம் விடாமல் கேட்டாள். நாய் வேண்டாம், கடிக்கும். பூனை வேண்டாம், ஊர் சுற்றும். முயல் என்றதும் அவரால் உடனே குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் கடைக்குப் போய் வந்தபோது முகம் கடுத்திருந்தது. "தனிய ஒரு முயல் தரமாட்டாங்களாம். சோடியாத்தான் வாங்க வேணுமாம். தனிய இருந்தா அதுக்குக் கவலை வருமாம். முயலுக்குக் கவலை! நல்ல வியாபாரம்." அப்படியானால் ஒன்றை இந்தக் கடையிலும் மற்றதை இல்ஃபோர்ட் கடையிலும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். பழகாத முயல்கள் சண்டை போடும் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் முயல்கள் வந்தன. வெள்ளைக்குப் புட்டு என்றும், செம்பழுப்புக்கு, புட்டோடு தின்கிற மிளகாய்த் தேங்காய்த் துவையலின் பெயரால், சம்பல் என்றும் மகள் பெயர் வைத்தாள். தோட்டத்தில் பெரிய கூடு வந்தது. காசைப் பார்க்கவில்லை, நல்ல மரத்தில் தரமான கூடு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரைக் கஞ்சன் என்று யாரும் நினைக்கக் கூடாது. நான் நினைத்தேன், அது தவறு.

முயல்கள் வந்து கொஞ்ச நாளில் ஊசி விவகாரம் எழுந்தது. இந்த நாட்டில் வீட்டு முயலுக்கு வருடம் ஒருமுறை தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். இரண்டு விதமான நோய் இருக்கிறது. ஒன்று கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்புவது, கண்ணும் முகமும் வீங்கிச் சாகும். இன்னொன்று உள்ளே இரத்தம் கசிகிற நோய். அது செருப்பில் ஒட்டியும் வரும், காய்ந்த புல்லோடும் வரும், பறவையோடும் வரும். மாலையில் துள்ளிக்கொண்டிருந்த முயல் காலையில் கூட்டில் விறைத்துக் கிடக்கும். இதையெல்லாம் மகள் பள்ளிக்கூட லைப்ரரியில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். அவர் போனை எடுத்தார்.

பிராணி வைத்தியரை இங்கே எல்லோரும் வெட் என்பார்கள். அந்த வட்டாரத்தில் இருக்கிற வெட் எல்லோருக்கும் அவர் போன் செய்தார். ஒருவர் ஐம்பத்தைந்து பவுண்ட் என்றார், ஒருவர் எழுபது என்றார், ஒருவர் தொண்ணூறு. மாதாமாதம் பாங்கிலிருந்து எடுத்துக்கொள்கிற திட்டம் ஒன்றும் உண்டு என்றார்கள். "டைரக்ட் டெபிட் எண்டா என்ன தெரியுமோ? வீட்டுத் திறப்பைக் கள்ளன்ர கையில குடுத்துட்டு நித்திரைக்குப் போறது." மலிவாகச் சொன்னவரிடமே போகலாமே என்றேன். "மலிவாச் சொல்லுறவனைத்தான் முதல்ல சந்தேகப்பட வேணும்." அப்படியென்றால் தொண்ணூறு சொன்னவரா? "அவன் கள்ளன்." வேலியின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அவருடைய கையில் புட்டு உட்கார்ந்து கொத்தமல்லி தின்றுகொண்டிருந்தது.

"மனுசருக்கு ஊசி சும்மா போடுறாங்கள். முயலுக்கு எழுபது பவுண்ட்ஸ் கேக்கிறாங்கள். உங்களுக்கு விளங்குதோ? எங்கையோ ஒரு பிழை கிடக்கு."

"மனுஷங்களுக்கு நம்ம வரியிலிருந்து போடுறாங்க அண்ணா. முயல் வரி கட்டுதா?"

"சரி, அதை விடுங்கோ. ரெண்டு முயலையும் ஒண்டாக் கொண்டுவந்தா ரெண்டாவதுக்குக் குறைப்பாங்களாம். ரெண்டாவதில குறைக்கிறான் எண்டா, முதலாவதில கூட எடுக்கிறான் எண்டுதானே அர்த்தம்?"

நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நின்று யோசித்தேன். அவரை மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியில் எழுபது பவுண்ட் வெட்டைப் பிடித்தார். போகிற நாளில் என்னையும் கூப்பிட்டார். எதற்கு என்றால், சாட்சிக்கு. "ரெண்டு பேர் கேட்டாத்தான் பிறகு மாத்திக் கதைக்கமாட்டாங்கள்." அவரும் மகளும் அவர்கள் காரில், நான் என் காரில். போய் இறங்கிப் பார்த்தால் பெட்டியில் சம்பல் மட்டும் இருந்தது.

"புட்டு எங்கே அண்ணா?"

"வீட்டில. முதல்ல ஒண்டுக்குப் போட்டுப் பாப்பம். ஊசியில ஏதும் பழுது இருந்தா மற்றது மிஞ்சும். ஊசி போடாமல் நோய் வந்தா இது மிஞ்சும். எப்பிடிப் பாத்தாலும் ஒண்டு கையில நிக்கும்."

மகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "ஐ ட்ரைட், அன்ரி" என்றாள். பெற்ற பிள்ளையே கைவிட்ட பிறகு நான் யார்?

உள்ளே அந்த வெட் இளம் பெண். சம்பலைத் தராசில் வைத்தாள், பல்லைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டதா என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து நின்று, நேற்று இரவு முதல் ஒன்றும் கொடுக்கவில்லை, வெறும் வயிறு, என்றார். பரிசு வாங்குகிற பிள்ளையின் முகம் அவருக்கு. அந்தப் பெண் பதறிப்போனாள். முயல் பட்டினி கிடக்கவே கூடாதாம், குடல் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்தாம். ஓடிப்போய்க் காய்ந்த புல் கொண்டுவந்து வைத்தாள். சம்பல் தின்னத் தொடங்கிய பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. டாக்டரிடம் போவதென்றால் வெறும் வயிற்றோடு போவது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதானே. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மருந்துப் புட்டியைக் காட்டச் சொன்னார். காலாவதித் தேதியை வாசித்தார், என்னையும் வாசிக்கச் சொன்னார். விலையை வரவேற்பில் ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் கேட்டார். இரண்டும் எழுபதாகவே இருந்ததில் அவருக்கு ஏமாற்றம்தான். ஊசி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அடுத்த முயலையும் கூட்டி வந்திருக்கலாமே, இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதுதான் நல்லது என்றாள் அந்தப் பெண். அவர் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களே, விக்கப் பாக்கிறா" என்றார் தமிழில்.

வீட்டுக்குப் போய்ச் சம்பலைக் கூட்டில் விட்டதும் ரகளை தொடங்கியது. அக்கா ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். புட்டு சம்பலை மோந்து பார்த்தது, உடனே பாய்ந்து கடித்தது. இரண்டும் உருண்டன. தோட்டமெல்லாம் வெள்ளையும் பழுப்புமாக மயிர் பறந்தது. அதுவரை ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கியவை. மகள் கையை விட்டுப் பிரிக்கப் போய் விரலில் கீறல் வாங்கினாள். அவர் துவாலையைப் போட்டுச் சம்பலைத் தூக்கினார். தூக்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கட சம்பல் இல்லை. மாத்திப் போட்டாங்கள்."

"அப்பா!" என்று கத்தினாள் மகள். "லிட்ரலி அவள்தான்! அந்தக் கால் விரலைப் பாருங்கோ!"

சம்பலுக்குப் பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை. அதைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகும் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். கிளினிக்குக்குப் போன் செய்து சத்தம் போட்டார். அந்தப் பக்கத்து நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். ஒன்று மட்டும் வெளியே போய் மருந்து வாசனையோடும் வேறு பிராணிகளின் வாசனையோடும் வந்தால் வீட்டில் இருந்தது அதை அடையாளம் காணாது. அந்நியம் என்று நினைத்துக் கடிக்கும். அதனால்தான் ஒன்றுக்குத்தான் வைத்தியம் என்றாலும் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுவரச் சொல்வது. இப்போது நடுவில் கம்பிவலை போடுங்கள், ஒன்றின் விரிப்பை மற்றதற்குப் போடுங்கள், மெல்ல மெல்லச் சேரும். அவர் போனை வைத்தார். பிழை எங்கேயோ கிடக்கிறது என்று அன்று அவர் சொல்லவில்லை.

கம்பிவலை அவரே அடித்தார். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் தோட்டத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை துணி காயப்போடப் போனவள் வேலி ஓரம் நின்றேன். புட்டு வலைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது.

"ஏன் அண்ணா இந்தப் பிடிவாதம்?" என்றேன். எரிச்சலோடுதான் கேட்டேன். "முயல், கார், வடை, எல்லாத்தையும் ரெண்டா பிரிச்சுக்கிட்டு. உங்களுக்கு யார் மேலதான் நம்பிக்கை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வலையின் ஒரு கம்பியை விரலால் நிமிர்த்திக்கொண்டே பேசினார்.

"இடம்பெயர்ந்து போகேக்க கடல் நீரேரியை வள்ளத்தில தாண்ட வேணும். அப்பா, அம்மா, அண்ணை, நான். நாலு பேரும் ஒரு வள்ளத்தில ஏறத்தான் போனம். அம்மா மறிச்சவ. 'எல்லாரும் ஒண்டில ஏற வேண்டாம், ஏதும் நடந்தாப் பாதியாவது மிஞ்ச வேணும்' எண்டு. அப்பாவையும் அண்ணையையும் மற்ற வள்ளத்தில ஏத்திவிட்டவ. நானும் அம்மாவும் கரைக்கு வந்திட்டம்."

"மத்தவங்க?"

"அந்த வள்ளம் வரேல்லை."

கையில் ஈரத் துணியோடு நின்றேன்.

"சனம் சொல்லும், உன்ர அம்மா கெட்டிக்காரி, பாதிக் குடும்பத்தைக் காப்பாத்திப் போட்டா எண்டு. அம்மாவும் சாகும்வரைக்கும் அதைத்தான் சொன்னவ. நானும் அதைத்தான் சொல்லுறனான்." கம்பியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தங்கச்சி, எங்கட வள்ளத்தில நாலு பேருக்கு இடம் இருந்தது."

நான் உள்ளே போய்ச் சமையலறையில் நின்று அழுதேன். துணியைக் காயப்போடவே இல்லை. கொரோனா ஊசிக் காலத்தில் தெருவோடு நானும் சேர்ந்து பேசியது நினைவுக்கு வந்தது. ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்று முதலில் தன் கையை நீட்டிய மனிதர் அவர். என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் எனக்கு அவர் மேல் முழுக்க இரக்கம் வரவில்லை. எந்தப் பாதி மிஞ்ச வேண்டும் என்று மனதுக்குள் எப்போதும் பிரித்துக்கொண்டே இருக்கிறவரோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று அக்காவை நினைத்தேன், கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

முயல்கள் மெல்ல வழிக்கு வந்தன. முதலில் வலைக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் தின்றன. பிறகு வலையை ஒட்டி முதுகோடு முதுகு சாய்ந்து படுத்தன. இனிப் புட்டுவுக்கு ஊசி போட்டுவிடலாமே என்று அக்கா சொல்லிப் பார்த்தார். "பொறும், சம்பலுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு வடிவாப் பாத்துட்டுப் போடுவம்" என்றார். வாரம் வாரமாகத் தள்ளிக்கொண்டே போனார்.

ஒரு நாள் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். நான் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அடுத்த தெருவில் இருக்கிற அவளுடைய வகுப்புத் தோழியின் முயல் காலையில் செத்துக் கிடந்ததாம். முந்தின நாள் நன்றாக இருந்ததாம். அந்த ரத்தக் கசிவு நோயாகத்தான் இருக்கும் என்று வெட் சொன்னாராம். போன வாரம் அந்தத் தோழி இவர்கள் வீட்டுக்கு வந்து தோட்டத்தில் நின்றிருக்கிறாள், செருப்புக் காலோடு. நாமெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவோம். தோட்டத்துக்கு யார் கழற்றுகிறார்கள்?

மகள் கூட்டின் முன்னால் நின்று அப்பாவிடம் கேட்டாள். "ஏன் புட்டுவுக்குப் போடேல்லை?"

"ரெண்டில ஒண்டாவது மிஞ்ச வேணுமெண்டுதான் பிள்ளை..."

"அப்ப புட்டு செத்தா ஓகேயா?"

அவர் கூட்டுக்குள் புட்டுவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் கிளினிக்கைக் கூப்பிட்டார். உடனே வரலாம், ஓர் இடம் இருக்கிறது, இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுவாருங்கள் என்றார்கள். "ஓகே, வி ஆர் கமிங்" என்றார். விலை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

அவருடைய கார் எம்.ஓ.டி. என்கிற வருடாந்தரப் பரிசோதனைக்குப் போய், இன்னும் கராஜில் நின்றது. கராஜ்காரனே எதையோ உடைத்துவிட்டான் என்று வேறு ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே என் கார். அவர் முதலில் இரண்டு சின்னப் பெட்டிகளைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் உள்ளே போய்ப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்தாள். அடியில் காய்ந்த புல்லைப் பரப்பினாள். இந்தத் தடவை பட்டினி இல்லை, ஒரு கட்டுக் கொத்தமல்லியும் வைத்தாள். முதலில் சம்பலை விட்டாள், பிறகு புட்டுவை. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். புட்டு மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திச் சம்பலின் தாடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தது. சம்பல் அதன் நெற்றியை நக்கியது.

"சரி. பிள்ளையும் பெட்டியும் உங்களோட வரட்டும்" என்றார் அவர். ஆய்ஸ்டர் கார்டைக் கையில் எடுத்துவிட்டார். "நான் பஸ்ஸில வாறன். மனுசி வீட்டில நிக்கட்டும்."

அப்போதுதான் அக்கா வந்தார். வீட்டுக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைக் கைப்பையில் போட்டார். கையில் கொஞ்சம் திருநீறு இருந்தது. பெட்டியின் கம்பி வழியே விரலை விட்டு இரண்டு முயலின் நெற்றியிலும் பூசினார். பிறகு என் காரின் பின்கதவைத் திறந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீர் ஏன்?" என்றார் அவர்.

"நானும் வாறன்."

"அப்ப பஸ்ஸில—"

"பஸ்ஸில ஆரும் வரேல்லை. இஞ்சேருங்கோ, முன்னுக்கு ஏறுங்கோ. பெட்டியை மடியில வையுங்கோ." அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குரல் உயரவே இல்லை, ஆனால் அதற்கு எதிராக ஒரு வார்த்தை வராது என்று எனக்கே தெரிந்தது.

அவர் நடைபாதையில் பெட்டியோடு நின்றார். என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் அமுக்கிப் பார்த்தார்.

"பிரேக் எப்ப பாத்தனீங்கள்?"

"போன மாசம்தான் அண்ணா சர்வீஸ் விட்டேன்."

இன்னொரு சுற்று நடந்தார். "சேர்விஸ் விட்டுக் கன காலமோ?"

"போன மாசம்" என்றேன்.

இரண்டு பதிலும் பொருந்தின. அவர் வானத்தைப் பார்த்தார், தெருவின் இரண்டு கோடியையும் பார்த்தார். கதவைத் திறந்து முன்னால் ஏறினார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். சீட் பெல்ட்டை நான்தான் எட்டி மாட்டிவிட்டேன். திரும்பிப் பின்னால் மகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் மகளைப் பார்த்தார்.

வண்டியை எடுத்தேன். எங்கள் தெருவில் இருபது மைல்தான் வேக எல்லை. இருபதில்தான் போனேன். முதல் வளைவுக்குள் அவர் மெல்லக் கூப்பிட்டார்.

"தங்கச்சி."

"சொல்லுங்க அண்ணா."

"மெல்லமா ஓடுங்கோ."

"இருபதுலதான் போறேன்."

"ஓம், தெரியும். எண்டாலும் மெல்லமா ஓடுங்கோ." பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எல்லாரும் இதுக்குள்ளதான் இருக்கிறம்."

நான் பதினைந்துக்குக் குறைத்தேன். பின்னால் வந்தவன் விடாமல் ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.